முதல் வரியில் இருந்த பெயர்

செஞ்சி காந்தி பஜாரில் இருக்கும் அனந்தியின் ஆன்லைன் கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் சலித்துக்கொள்கிறார்கள். பட்டா நகலோ, வில்லங்கச் சான்றோ, பரீட்சை முடிவோ எதுவானாலும் அவள் ஒன்றுக்கு மூன்று முறை பார்க்கிறாள். திரையில் பெயர் இல்லை என்று வந்தால் நம்புவதே இல்லை. பட்டியலைத் திறந்து, மேலேயிருந்து கீழ்வரை விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறாள். "இன்னாம்மா, கம்ப்யூட்டர வெச்சிக்கினு கையால தேடற?" என்று யாராவது கேட்டாலும் வரியிலிருந்து விரலை எடுப்பதில்லை. முன்பு அவள் இப்படி இல்லை. ஏன் இப்படி ஆனாள் என்று தெரிந்தவர்கள் ஊரில் நாலைந்து பேர்தான்.

முன்பு வேகம் என்றால் அனந்திதான். எம்.சி.ஏ. படித்துவிட்டுச் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தவள். விதை வியாபாரம் செய்யும் வர்த்தமானைக் கல்யாணம் செய்துகொண்டு செஞ்சிக்கு வந்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுப் பாத்திரம் கவிழ்த்துவிட வேண்டிய சமண வீடு. அந்த வீட்டில் மெதுவாக வேலை செய்கிறவர்களுக்குப் பிழைப்பில்லை. அவளுக்கோ மெதுவாக எதையும் செய்யத் தெரியாது. கடையில் மூன்று பேர் மூன்று வேலை சொன்னால் நாலாவது ஆள் உட்காருவதற்குள் மூன்றையும் முடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. "என் மருமவ கிட்ட குடுத்தா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிடும்" என்று மாமனார் சந்திரநாதன் ஊரெல்லாம் சொல்லி அந்த மிதப்பை வளர்த்தும் விட்டிருந்தார்.

ஊரார் நயினார் என்று கூப்பிடும் சந்திரநாதன் ஒரு சின்ன அறக்கட்டளையின் செயலாளர். வருஷத்துக்கு இரண்டு தடவை இலவசக் கண் முகாம் நடத்துவார்கள். முதலில் ஒருநாள் சோதனை. கண்ணில் புரை முற்றியவர்களின் பெயரை அன்றே எழுதிக்கொள்வார்கள். பத்து நாள் கழித்து அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அறுவை முடித்து, நாலாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். போன ஆகஸ்டில் நடந்த முகாமில் தொண்ணூற்றாறு பேர் தேறினார்கள். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை அனந்திக்கு வந்தது.

அவள் பெயர்களை அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தாள். சந்திரநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா நம்ம வழக்கம் ஒண்ணு இருக்குதே. இருக்கறதுல யாரு மூத்தவங்களோ அவங்க பேர மேல போட்டுடு."

அது அந்தக் குடும்பத்து வழக்கம். கல்யாணத்துக்கு அழைக்கும் பட்டியலானாலும், கோயில் பூஜைக்கு உபயதாரர் பட்டியலானாலும், வயதில் மூத்தவர் பெயர்தான் முதல் வரியில் நிற்கும். அவர் ஏழையா பணக்காரரா, சமணரா இந்துவா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. சந்திரநாதனின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அனந்திக்கும் அந்த வழக்கம் பிடிக்கும். வயது எழுதிய கட்டங்களில் கண்ணை ஓட்டினாள். எண்பத்தொன்று என்று ஒன்று இருந்தது. அந்த வரியை அப்படியே வெட்டி எடுத்து, எல்லாருக்கும் மேலே ஒட்டினாள். எண்ணைத்தான் பார்த்தாளே தவிர, அது யார் பெயர் என்று பார்க்கவில்லை. சந்திரநாதன் ஒரு பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் கிளம்பும் நாளில் வாசலில் ஆட்களைச் சரிபார்த்து ஏற்றும் பொறுப்பையும் அனந்தியே கேட்டு வாங்கிக்கொண்டாள். போன முகாமில் இரண்டு பேர் தாளைப் புரட்டிப் புரட்டித் தேடி, பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதமானது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பெயரை அடித்தால் 'இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிரல் எழுதினாள். பதினைந்து வரிகூட இருக்காது.

அதை அவள் எழுதிய பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியோடு கூடவே வரும் ஆயத்த நிரல்களில் பைசெக்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. நாம் அகராதியில் சொல் தேடுகிற மாதிரிதான் அதுவும் தேடும். நடுப்பக்கத்தைத் திறக்கும். தேடுகிற பெயர் அதற்குப் பின்னால் வரவேண்டியது என்றால் முன்பாதியைத் திரும்பியே பார்க்காது. மிச்சத்தில் மறுபடி நடுவைத் திறக்கும். தொண்ணூற்றாறு பெயரில் ஏழு இடத்தைப் பார்த்தால் வேலை முடிந்தது. ஆனால் பட்டியல் வரிசையாக இருந்தால்தான் இது சரியாக வரும். வரிசையாக இருக்கிறதா என்று அந்தக் கருவி சோதிக்காது. நாம் கொடுத்ததை நம்பிக்கொள்ளும்.

இதெல்லாம் அனந்திக்குத் தெரியாதா என்ன? கல்லூரியில் பரீட்சையில் எழுதியவள், சென்னையில் கம்பெனிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். தொண்ணூற்றாறு பெயரை ஒன்றுவிடாமல் முதலிலிருந்து பார்க்கச் சொல்லியிருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது ஒரு வேலையே இல்லை, அதே நொடியில் பதில் வந்திருக்கும். அழகாக எழுதவேண்டும் என்ற ஆசையில் பைசெக்டை எடுத்துக்கொண்டாள். தான் கையால் தூக்கி மேலே வைத்த அந்த ஒரு வரி அவள் நினைவிலேயே இல்லை. நடுவிலிருந்து பத்துப் பெயரை அடித்துப் பார்த்தாள். பத்துக்கும் 'இருக்கிறது' என்று வந்தது. போதும் என்று மூடி வைத்துவிட்டாள்.

அன்று காலை ஆறு மணிக்கே பள்ளிக்கூட மைதானத்தில் இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். பெயர் இல்லாதவர்களும் எப்படியாவது ஏறிவிடலாம் என்று வந்திருந்தார்கள். சந்திரநாதன் ஆஸ்பத்திரி ஏற்பாட்டைப் பார்க்க முன்னாலேயே பாண்டிச்சேரி போய்விட்டார். அனந்தி மேசை போட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். வரிசை நன்றாக நகர்ந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஏழரை மணி வாக்கில் ஒரு கிழவி மேசை விளிம்பைக் கையால் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கண் வெள்ளையாகச் செத்துக் கிடந்தது. இடது கண்ணைச் சுருக்கி அனந்தி இருக்கும் பக்கமாகப் பார்த்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. மாற்றுச் சேலை எடுத்து வந்திருக்கிறாள் போல.

"பேரு சொல்லுங்க ஆயா."

"ரத்தினம்மா. பனமலை."

அனந்தி 'ரத்தினம்மாள்' என்று அடித்தாள். 'இல்லை' என்று வந்தது. ஊரையும் சேர்த்து அடித்தாள். அதற்கும் 'இல்லை'.

"லிஸ்ட்ல உங்க பேரு இல்ல ஆயா."

"இல்லயா? நல்லா பாரும்மா. என் பேருதான் மொத பேருன்னு நயினாரு போன்ல சொன்னாரே."

அன்று காலையிலிருந்து அதுவரை பத்துப் பன்னிரண்டு பேர் நயினார் சொன்னார், டாக்டர் சொன்னார் என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இதுவும் அதில் ஒன்று என்று அனந்தி நினைத்தாள்.

"அவரு எல்லாருக்கும் ஆறுதலா அப்படித்தான் சொல்லுவாரு ஆயா. மிஷின்ல இல்ல. அடுத்த கேம்ப்புக்கு வாங்க."

"மொத பேருன்னு சொன்னாரும்மா. நான் இன்னாத்துக்கு பொய் சொல்றேன்? விடியக்காத்தால மொத பஸ்ஸுல வந்தேன்."

"வழி விடுங்க ஆயா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

கிழவி மேசை விளிம்பை விடவில்லை. பிறகு யாரோ கையைப் பிடித்து ஒதுக்கி விட்டார்கள். முதல் பெயர் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். பட்டியலைத் திறந்து ஒரே ஒரு வரி, அந்த முதல் வரியை மட்டும், பார்த்திருந்தால் போதும். அனந்தி பார்க்கவில்லை. எட்டு மணிக்கு இரண்டு பஸ்ஸும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பின. இரண்டாவது பஸ்ஸில் இரண்டு சீட் காலியாகப் போயிற்று.

நாலாம் நாள் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். மாலையில் சந்திரநாதன் கூடத்தில் உட்கார்ந்து தன் பிரதியில் ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அனந்தி, மொத பேரே வரலயே? பனமலை ரத்தினம்மா. அந்த அம்மாவுக்கு இருக்கறதே ஒரு கண்ணு. வரலயா அன்னிக்கி?"

அனந்தி அடுப்படியில் நின்றிருந்தாள். மஞ்சள் பை நினைவுக்கு வந்தது. "வரல மாமா" என்றாள். யோசித்துச் சொல்லவில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் கடைக்குப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிரலைத் திறந்தாள். ரத்தினம்மாள் என்று அடித்தாள். இல்லை. பட்டியலைத் திறந்தாள். முதல் வரி: ரத்தினம்மாள், பனமலை, வயது 81. அவளுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. ர வரிசையில் இருக்கவேண்டிய பெயர் அ-வுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. கருவி நடுவைத் திறந்து, ரத்தினம்மாள் பின்னால்தான் இருப்பாள் என்று முன்பாதியை அப்படியே ஒதுக்கிவிட்டது. மரியாதைக்கு மேலே தூக்கி வைத்ததாலேயே அந்தப் பெயர் கண்ணில் படாமல் போயிற்று. தூக்கி வைத்ததும் அவள்தான், ஒதுக்கித் தேடச் சொன்னதும் அவள்தான்.

தொண்ணூற்றாறு பெயரையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். மேலே இருந்த அந்தப் பெயரின் இடைஞ்சலால் இரண்டாவது வரியில் இருந்த வல்லம் அஞ்சலையையும் அது தவறவிட்டது. அஞ்சலை காய்ச்சல் என்று அன்றைக்கு வரவேயில்லை. மற்ற தொண்ணூற்று நாலு பேரும் சரியாக வந்தார்கள். தேடுவதற்கு முன்னால் பட்டியலை அடுக்கிக்கொள் என்று ஒரு வரி சேர்த்தாள். ரத்தினம்மாள் என்று அடித்தாள். இருக்கிறது. திருத்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்தவள் நேரே வீட்டுக்குப் போய் மாமனாரிடம் சொல்லியிருக்க வேண்டும். அல்லது வண்டியை எடுத்துக்கொண்டு பனமலைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. மாமாவிடம் ஒரு பொய் சொல்லியாயிற்று, அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. பட்டியலில் ரத்தினம்மாளுக்கு நேரே ஒரு கைபேசி எண் இருந்தது. அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு வந்தது ஏமாற்றமா? இல்லை. நிம்மதி. அதைச் சொல்லத்தான் வேண்டும். மறுபடி அழைக்கவில்லை.

அடுத்த முகாம் பட்டியலை அன்றைக்கே தொடங்கி, முதல் வரியில் ரத்தினம்மாள், பனமலை என்று எழுதி வைத்தாள். ஆறு மாசம்தானே, புரை எங்கே ஓடிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடையில் விண்ணப்பக் கூட்டம் நெருக்கியது. நாள் ஓடிற்று. சோறு இறங்கவில்லை. "இன்னாடி டென்ஷன் உனக்கு?" என்று வர்த்தமான் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

செப்டம்பரில் சமணர்களின் பத்து நாள் விரதம் முடிந்து க்ஷமாவணி நாள் வந்தது. எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிற நாள். முன்பு வீடு வீடாகப் போய்க் கைகூப்பிக் கேட்டார்கள், இப்போது கைபேசியிலேயே முடித்துக்கொள்கிறார்கள். அனந்தியும் காலையில் குளித்துவிட்டு, 'அறிந்தும் அறியாமலும் நான் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க' என்று எழுதி இருநூறு பேருக்கு ஒரே தட்டில் அனுப்பினாள். சின்ன நாத்தனாருக்கு, பழைய கம்பெனி மேலதிகாரிக்கு, பால்காரருக்கு. பதிலாகக் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. அந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் அவள் பெரிதாக ஒரு பிழையும் செய்திருக்கவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாகிவிட்டது. கைபேசியை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சந்திரநாதன் திட்டவில்லை.

"இன்னிக்கி கடை தொறக்காத. காரு சொல்றேன், போய்ப் பாரு" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அது அவளுக்கு விஷயம் தெரிந்த பதினெட்டாவது நாள்.

பனமலை ஏரிக்கரையைத் தாண்டி இரண்டாவது தெருவில் வீடு. மருமகள் பூங்குழலி வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். செஞ்சி முகாமிலிருந்து என்றதும் அவள் முகம் சுண்டியது.

"இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க? பேரு இல்லன்னு தொரத்திட்டீங்க. மொத பேரு என் பேருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துச்சு அது. மத்தியானமே திரும்பி வந்ததும் ஊரே சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன்."

உள்ளே கட்டிலில் ரத்தினம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையைச் சுற்றி ஈரத்துணி. அனந்தி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆயா, நான் அன்னிக்கி கம்ப்யூட்டர் வெச்சிக்கினு உக்காந்திருந்தவ. உங்க பேரு இருந்துது ஆயா. நீங்க சொன்ன மாதிரியே மொத பேருதான். நான் பண்ண தப்புல அது இல்லன்னு காட்டிடுச்சு. என்ன மன்னிச்சிடுங்க."

ரத்தினம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள் அனந்தி. கிழவி வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏய் பூங்குழலி! கேட்டியாடி? பேரு இருந்துச்சாம்! மொத பேராம்! நீ கூட சிரிச்சியே!"

அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம். அனந்தியால் அதைத் தாங்க முடியவில்லை. அப்போதுதான் அந்த இடது கண்ணைச் சரியாகப் பார்த்தாள். செக்கச்சிவந்து வீங்கி, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"கண்ணு இன்னா ஆயா இப்படி இருக்குது?"

"வலிம்மா. மண்டையப் பொளக்குது."

"ஆஸ்பத்திரி போவலாம்னு நானும் சொன்னேன்" என்றாள் உள்ளே வந்த பூங்குழலி. "எங்க போனாலும் பேரு இல்லன்னுதான் சொல்லுவாங்க, நான் வரமாட்டேன்னு உக்காந்துகிச்சு."

மூன்று பேரும் அந்தக் காரிலேயே பாண்டிச்சேரிக்குப் போனார்கள். வழியெல்லாம் ரத்தினம்மாள் அனந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். கண் தெரிந்தால் ஏரிக்கரை ஆடுகளைத் தானே ஓட்டிக்கொள்ளலாம், இவளிடம் சோறு கேட்டு நிற்க வேண்டாம் என்றாள். பூங்குழலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அனந்தி ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்று கொட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் வெகுநேரம் சோதித்தார். அனந்தியை மட்டும் தனியாகக் கூப்பிட நினைத்தார். ரத்தினம்மாள் விடவில்லை. "என் கண்ணு. என்கிட்டயே சொல்லு சாமி" என்றாள்.

"எத்தினி நாளா வலிக்குது பாட்டி?"

"பன்னெண்டு நாளு."

"புரை ரொம்ப முத்தி, கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடுச்சு. நரம்பு செத்துப்போச்சு. வலிய நிறுத்தலாம். பார்வை இனிமே வராது பாட்டி. வலி வர்றதுக்கு முன்னாடி புரைய எடுத்திருந்தா நல்லா தெரிஞ்சிருக்கும்."

மருந்து வாங்கினார்கள். ஊசி போட்டார்கள். வெளியே வரும்போது அனந்திதான் கிழவியின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள். பூங்குழலி மருந்துப் பையோடு பின்னால் வந்தாள். பாதிப் படியில் ரத்தினம்மாள் நின்றாள்.

"தப்பு யாருதான் பண்ல? பெத்த புள்ளங்களே பண்ணுது. அத வுடு. பேரு இருந்துச்சுன்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

நேற்று என்ற சொல் அனந்தியின் நாக்கு நுனிவரை வந்தது. கிழவி நம்பியிருப்பாள். அவள் கை இன்னும் இந்தக் கைக்குள்தான் இருந்தது.

"பதினெட்டு நாள் ஆச்சு ஆயா."

ரத்தினம்மாளின் உதடு அசைந்தது. பதினெட்டிலிருந்து பன்னிரண்டைக் கழிக்க அவளுக்கு யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. கையை மெல்ல உருவிக்கொண்டு, இருட்டில் துழாவுகிறவள் மாதிரி பின்பக்கம் நீட்டினாள்.

"பூங்குழலி, எங்கடி இருக்கற? வந்து கையக் குடு."